பிறவித் திறமையா, பயிற்சியா?

நீச்சல் போட்டியில் முதலிடம் பெறும் மாணவியைப் பார்த்து, "அது அவளுக்குப் பிறவியிலேயே வந்த திறமை" என்கிறோம். கடைசியாக வருபவளின் தாயோ, "எங்கட பிள்ளைக்கு இது சரிவராது" என்று பயிற்சியையே நிறுத்திவிடுகிறார். இந்த இரண்டு தீர்ப்புகளும் சரியானவைதானா?

உயரமும் நீண்ட கைகளும் நீச்சலுக்கு உதவும் என்பதில் ஐயமில்லை. 23 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற மைக்கல் பெல்ப்ஸ் இரு கைகளையும் விரித்தால், அந்த நீளம் அவரது உயரத்தைவிட அதிகம். ஆனால் சிறுவயதுப் போட்டிகளில் உடல் வளர்ச்சியும் திறமைபோலத் தோற்றமளிக்கும். ஒரே வயதுப் பிரிவில் நீந்தும் இருவரில் ஒருத்தி முந்தி வளர்ந்திருப்பாள். மற்றவளும் வளர்ந்ததும் அந்த இடைவெளி குறையலாம். ஆகவே பன்னிரண்டு வயதில் பெறும் இடத்தைக் கொண்டு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிப்பது தவறு.

அப்படியானால் அதிக நேரம் நீந்தினால் போதுமா? அதுவும் போதாது என்கிறார் அமெரிக்கச் சமூகவியலாளர் டானியல் சாம்ப்ளிஸ். நீச்சல் வீரர்களை நெருங்கி அவதானித்து, 1989 இல் அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பயிற்சி நேரத்தைக் கூட்டுவதால் மட்டும் ஒருவர் மேல்நிலைக்கு உயர்வதில்லை. பயிலும் விதம் மாற வேண்டும் என்பது அவரது முடிவு. சரியான கைவீச்சு, திரும்பும் முறை, உணவு, நேரந்தவறாமை ஆகிய சிறிய விடயங்கள் பழக்கமாகி ஒன்றுசேரும்போதே பெரிய வெற்றி கிடைக்கிறது.

அவர் காட்டும் உதாரணம் மேரி டி. மாஹர். 13 வயதில் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்ற அவர், 200 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் உலக சாதனை படைக்க விரும்பினார். அதற்காக இரண்டு மாற்றங்களைச் செய்தார். ஒன்று, எல்லாப் பயிற்சிகளுக்கும் நேரத்துக்கு வருவது. பாடசாலை விட்டதும் தாயார் அவரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு தடாகத்துக்கு விரைவார். மற்றையது, பயிற்சியிலும் ஒவ்வொரு முறையும் விதிப்படி இரு கைகளாலும் சுவரைத் தொட்டுத் திரும்புவது. பயிற்சிதானே என்று பலர் ஒரு கையால் தொட்டுத் திரும்பிவிடுவர்.

1979 இல், 14 வயதில், அவர் அந்த உலக சாதனையைப் படைத்தார். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா பகிஷ்கரித்ததால் அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. ஆயினும் பயிற்சியைக் கைவிடாமல், 1984 இல் லொஸ் ஏஞ்சலிஸில் மூன்று தங்கங்களை வென்றார். 1981 இல் 100 மீற்றரில் அவர் நிலைநாட்டிய சாதனை 1999 வரை முறியடிக்கப்படவில்லை.

மாஹருக்கு இயற்கையும் உதவியிருக்கலாம். ஆனால் அவர் செய்த இரண்டு மாற்றங்களும் எந்த மாணவியாலும் செய்யக்கூடியவை. எனவே பெற்றோரே, போட்டி முடிந்து வரும் மகளிடம் "எத்தனையாம் இடம்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இந்த முறை எதைத் திருத்தினாய்?" என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை, கடைசியாக வந்திருந்தாலும் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறாள்.