காம்பவுண்டு சுவரில் பூண்டு வாசம்

ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் போதும், சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளின் காம்பவுண்டு சுவர்களில் ஒரு கொடி இலை தெரியாமல் பூத்துக் குலுங்கும். அன்று மலர்ந்த பூ நல்ல ஊதா. நாளாக ஆக வெளிறி, உதிரும்போது ஏறக்குறைய வெள்ளை. எல்லா நிறமும் ஒரே கொத்தில் இருக்கும். ஆனால் இலையைக் கிள்ளிக் கசக்கினால், ரசத்துக்குப் பூண்டு தட்டிய வாசம்!

பூண்டுக்கொடி. தாவரவியலில் மேன்சோவா அலியேசியா. பூர்வீகம் தென் அமெரிக்கக் காடுகள். பூண்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பாதிரியும் மரமல்லியும்தான் இதன் பங்காளிகள்.

பிறகு வாசம் எப்படி வந்தது? பூண்டில் உள்ள 'அலியின்' என்ற கந்தகச் சேர்மம் இந்தக் கொடியிலும் இருப்பதை 1978-இல் இந்திய, டென்மார்க் ஆய்வாளர்கள் சேர்ந்து கண்டறிந்தார்கள். அலியினுக்கு வாசம் கிடையாது. பூண்டுப் பல் நசுங்கும்போது, அதுவரை தனியே இருந்த ஒரு நொதி அதனுடன் கலக்கிறது. காரமான அல்லிசின் உண்டாகிறது. அது சிதைந்துதான் மூக்கைத் துளைக்கும் சல்பைடுகள் வருகின்றன. அதே சல்பைடுகள் இந்தக் கொடியின் இலையிலும் உண்டு. உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே ரசாயனத்தைப் பிடித்திருக்கின்றன.

வளர்ப்பது சுலபம். மழைக்காலத்தில் இரண்டு மூன்று கணு உள்ள முற்றிய தண்டை வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும். நம் செம்மண் இதற்குத் தோதானது. தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. மொட்டை மாடியில் வைப்பதென்றால் அகலமான தொட்டியும் படர ஒரு கம்பிப் பந்தலும் வேண்டும். சித்திரை வெயிலில் தொட்டி மண் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். நாமக்கல்லில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் மக்காத எருவைப் போட்டால் வேர் கருகும். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்துவிட வேண்டும். புதுத் துளிரில்தான் அடுத்த பூ.

இந்த வாசத்துக்குப் பாம்பு வராது என்று சொல்லிச் சிலர் விற்கிறார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம். அடர்ந்த புதராக விட்டால் பாம்பு ஒளிய அதுவே இடமாகிவிடும்.

இதே ஊதாவில் பூக்கும் வேறு கொடிகளும் நாற்றுப்பண்ணைகளில் இருக்கின்றன. வாங்கும் முன் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பூண்டு வாசம் வராவிட்டால் அது பூண்டுக்கொடி இல்லை.