துணி அலசிய தண்ணியில் வாழை, புதைத்த பானையில் கத்திரி: லாரி தண்ணீரை நம்பாத வீட்டுத் தோட்டம்

தொட்டி, தேங்காய் நார் கழிவு, காய்கறி தோல் உரம். வீட்டுத் தோட்டம் என்றால் எல்லாரும் சொல்வது இதைத்தான். செடிக்கு ஊத்த தண்ணி எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. 2019-ம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு போய், சென்னையில் ஜனங்கள் குடத்தோடு லாரிக்கு காத்துக் கிடந்தார்கள். குடிக்கவே இல்லாதபோது கத்திரிச் செடிக்கு யார் ஊத்துவது?

ஆனால் அப்போதும் குளித்த தண்ணீரும், துணி அலசிய தண்ணீரும் சாக்கடைக்குத்தான் போனது.

கல்வாழை குழி

பின்பக்கம் கொஞ்சம் மண் தரை இருந்தால் போதும். சுவரையும் கிணற்றையும் விட்டு தள்ளி, 2 அடி ஆழத்துக்கு குழி எடுக்க வேண்டும். அடியில் உடைந்த செங்கல், மேலே மணல். அதில் கல்வாழை, சேம்பு நட்டு குளியலறை தண்ணீரை திருப்பி விடலாம். வேரை சுற்றி வளரும் நுண்ணுயிர்கள் அழுக்கை தின்று விடும். பக்கத்தில் ஒரு வாழை வைத்தால் மிச்ச தண்ணீரை அது குடித்துக்கொள்ளும்.

பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. நுண்ணுயிர்கள் செத்துப் போகும். சோப்பு நுரை பொங்கும் முதல் தண்ணீரும் வேண்டாம். அதில் உள்ள உப்பு மண்ணை இறுக்கி விடும். அலசிய தண்ணீரே போதும். கீரைக்கு இந்த தண்ணீரை ஊத்தாதீர்கள்.

பானை பாசனம்

வாடகை வீட்டில் குழி தோண்ட முடியாது. அவர்களுக்கு பானைதான் கைகொடுக்கும். சீனாவில் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த முறை இது. பெயிண்ட் அடிக்காத மண்பானையை பெரிய தொட்டியில் கழுத்து வரை புதைத்து, சுற்றி கத்திரி, தக்காளி நட வேண்டும். மண் காய்ந்தால் பானையில் இருந்து தண்ணீரை தானே உறிஞ்சிக்கொள்ளும். மண் ஈரமாக இருந்தால் கசிவு குறைந்து விடும். வெயிலைப் பொறுத்து 2, 3 நாளைக்கு ஒரு தடவை நிரப்பினால் போதும். வாங்கும்போது தண்ணீர் ஊத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் வியர்த்தால் நல்ல பானை.

அரிசி கழுவிய தண்ணீர், சோப்பு தண்ணீர், ஆர்.ஓ. மெஷின் கழிவு தண்ணீர் எதையும் பானைக்குள் ஊத்தக்கூடாது. பானையின் நுண்துளைகள் அடைத்துவிடும். அரிசி கழுவியதை அன்றைக்கே நேராக செடிக்கு ஊத்தலாம். ஆர்.ஓ. கழிவில் உப்பு அதிகம், வீடு துடைக்கத்தான் லாயக்கு. ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. அது பானைக்கு ரொம்ப நல்லது.

பானை வாயை தட்டு போட்டு இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். திறந்து கிடந்தால் டெங்கு கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகி பறந்துவிடும். தட்டு மேல் ஒரு கல்லையும் வைத்து விடுங்கள், காக்கா தள்ளிவிடும்.