செம்பும் ஜப்பானியக் கெட்டிலும்



உத்திரமேரூர் என்றதும் வைகுண்டப் பெருமாள் கோயிற் கல்வெட்டுகள் நினைவுக்கு வரும். முதற் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவற்றில் குடவோலை முறையைக் காண்கிறோம். ஓலையைப் பற்றி ஓயாது பேசும் நாம் குடத்தை மறந்துவிடுகிறோம். வயிறு அகன்று வாய் குறுகிய கலத்தில் ஓலைகளை நன்கு குலுக்கலாம்; எட்டிப் பார்த்துப் பொறுக்குதல் அரிது. வடிவமே வேலையின் பாதியைச் செய்துவிடுகிறது.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பை ஏற்று இந்நாட்டைச் சுற்றிப் பார்த்து, 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். தாம் கண்ட பொருள்களுள் அவர்கள் தலையாயதாகப் போற்றியது லோட்டா, அதாவது நம் செம்பு! இதனை ஒருவர் புதிதாக அமைக்கப் புகுந்தால் எத்தனை வினாக்கள் எழும்? எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? நிறைந்தபோதும் குறைந்தபோதும் கனம் எங்கே நிற்கும்? உட்புறம் துலக்கக் கை நுழையுமா? பழையதாகி விற்றால் என்ன தேறும்? தனியொருவர் விடை காணக் கூடியவை அல்ல இவை. தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டுத் திருந்திய வடிவம் இது என்பது அவர்கள் கருத்து. அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றுவதற்கு அவ்வறிக்கையே அடிகோலிற்று.

செம்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். தனியே கைப்பிடி கிடையாது. சுருங்கிய கழுத்தே பிடி. விரிந்த விளிம்பு அது நழுவாமல் காக்கும். காப்பித் தம்ளரும் இவ்வினத்ததே. சுடுகாப்பியை விளிம்பைப் பற்றித் தூக்கலாம். டபராவில் வார்த்து ஆற்றலாம். உதடு படாமல் அண்ணாந்தும் பருகலாம். விளிம்பு மடிக்கும் கூலியை மிச்சம் பிடித்த தம்ளர்களும் கடைகளில் உண்டு. அவை விரலைச் சுடும். அதனை எளிமை என்று நான் ஒப்பேன், அது கருமித்தனம்.

ஜப்பானில் யானகி சொயெட்சு என்ற அறிஞர், பெயர் அறியப்படாத கைவினைஞர் ஆக்கிய அன்றாடப் பொருள்களின் அழகை எடுத்துரைத்து, 1936இல் டோக்கியோவில் அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் கண்டார். அவர் மகன் சோரி யானகி (1915-2011), காகிதத்தில் வரைந்ததோடு நில்லாமல், கையாலேயே மாதிரிகளைச் செய்து செய்து திருத்தியவர். எவர்சில்வரில் அவர் அமைத்த கெட்டில் அடி அகன்றது. ஆகவே தீயின் வெப்பத்தை விரைவில் ஏற்கும். அதில் பூ வேலையோ கொடி வேலையோ இல்லை.

உலோகம் மாறினால் வடிவமும் மாற வேண்டுமா? பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும். அதனால் உள்ளே ஈயம் பூசினர். எவர்சில்வரில் உள்ள குரோமியம் காற்றுப் பட்டு மெல்லிய படலமாகிக் காப்பதால் அத்தொல்லை இல்லை. ஆயினும் செம்பின் வடிவம் அப்படியே தொடர்கிறது. பித்தளைக்காக அன்று, நம் கைக்காகவே அது அமைந்தது போலும். நம்மவர் அதில் சேர்க்கும் அணியெல்லாம், வெட்டிய பெயரும் தேதியுந்தான்.

அடுத்த முறை பாத்திரக் கடைக்குச் சென்றால், செம்பில் நீர் நிரப்பித் தரச் சொல்லிச் சாய்த்து வார்த்துப் பாருங்கள். கடைக்காரர் சற்றே முகம் சுளிப்பார், பொருட்படுத்த வேண்டாம்.