களனிவெளி ரயிலும் ஒரு வெள்ளைப் பந்தும்

பாமன்கடைச் சந்தியில் கைத்தொலைபேசிக்கு ஓர் உறை வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "ஒரிஜினலா, கொப்பியா?" இரண்டும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள்தான் தொங்கும். கொப்பியை ஒளித்து விற்கும் கூச்சம் கடைக்காரருக்கும் இல்லை, வாங்குகிறவருக்கும் இல்லை. கொல்ஃப் என்ற பணக்கார விளையாட்டின் சாமான்களைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால் பதில் இவ்வளவு சுலபமாக வராது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களே அதில் தடுமாறியிருக்கின்றன.

பாமன்கடைக்குப் பக்கத்தில் கிருலப்பனை ரயில் நிலையம். அங்கே கோட்டைக்குப் போகும் ரயிலில் ஏறினால், நாரஹேன்பிட்டவைத் தாண்டியதும் யன்னலின் இரண்டு பக்கமும் பச்சைப் புல்வெளி விரியும். அதுதான் 1879இல் தொடங்கிய ரோயல் கொழும்பு கொல்ஃப் கழகத்தின் மைதானம். ரயில் பாதை மைதானத்துக்கு நடுவாலேயே போகிறது. பந்தை அடிக்க நிற்பவர் ரயில் போகும்வரை மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார். ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர் அவரை வேடிக்கை பார்ப்பார். அவிசாவளைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலையும் பின்னர் இறப்பரும் கொழும்புக்கு வந்து சேர்ந்தது இந்தக் களனிவெளிப் பாதையால்தான். கொல்ஃப் பந்தின் வரலாற்றில் நடந்த பெரிய புரட்சியும் பெரிய வழக்கும் அதே இறப்பரைச் சுற்றியவைதான்.

முதலில் பந்து தோலால் செய்யப்பட்டது. உள்ளே பறவை இறகை அடைத்துத் தைப்பார்கள். நல்ல தொழிலாளி ஒருவர் நாள் முழுக்க இருந்தாலும் சில பந்துகளைத்தான் முடிக்கலாம், அதனால் விலை அதிகம். 1848ஆம் ஆண்டளவில் மலாயாவின் கட்டாபெர்ச்சா மரத்துப் பிசின் ஸ்கொட்லாந்துக்கு வந்தது. வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் இறுகும். உடைந்த பந்தைக்கூட மறுபடி உருக்கி உருட்டலாம். சென்ட் அன்ட்ரூஸ் ஊரில் இறகுப் பந்து செய்வதில் பேர்போனவர் அலன் றொபேர்ட்சன். புதுப் பந்து தன் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்று அவர் பயந்தார். அவரிடம் வேலை செய்த டொம் மொரிஸ் ஒருநாள் பிசின் பந்தில் விளையாடப்போய், அந்த மனத்தாங்கலில் இருவரும் பிரிந்தார்கள். கொஞ்சக் காலத்தில் றொபேர்ட்சனும் பிசின் பந்தையே செய்யத் தொடங்கினார். வேறு வழி இருக்கவில்லை.

பிசின் பந்து புதிதாக, வழுவழுப்பாக இருக்கும்போது ஒழுங்காகப் பறக்காது. அடிபட்டுக் காயப்பட்ட பழைய பந்துதான் நேராகப் போகும். விளையாடியவர்கள் இதைக் கண்டுகொண்டதும், செய்பவர்கள் சுத்தியலால் தட்டிக் காயப்படுத்தியே பந்தை விற்றார்கள். இன்றைய பந்தில் இருக்கும் குழிகளுக்குப் பூர்வீகம் அந்தக் காயம்தான். பந்தின் முகத்தை உரசும் காற்றைக் குழிகள் கலக்கிவிடும். கலங்கிய காற்று பந்தின் பின்பக்கம் வரை ஒட்டிக்கொண்டு வரும். பின்னால் இழுக்கும் விசை குறையும். இந்தக் குழிக்கு 1905இல் ஆக்கவுரிமை கேட்டவர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரப் பொறியியலாளர் வில்லியம் டெய்லர். அப்போது சந்தையில் இருந்த பந்துகளில் முத்து முத்தாக மேடுகள் இருந்தன. டெய்லர் மேட்டைக் குழியாக்கினார். அதைக் கண்டுபிடிப்பு என்பதா, இருந்ததைக் கவிழ்த்துப் போட்டது என்பதா?

இறப்பர் கதை 1898இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நடக்கிறது. கொபர்ன் ஹாஸ்கல் என்பவர் அக்ரன் நகரில் குட்ரிச் இறப்பர் தொழிற்சாலையில் இருந்த நண்பரைப் பார்க்கப் போனார். அங்கே கிடந்த இறப்பர் நூலை இழுத்து இறுக்கி உருண்டையாகச் சுற்றினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அப்படிச் சுற்றி மேலே பிசின் தோல் போட்ட பந்து, பழைய பந்தை விட வெகுதூரம் போனது. 1899இல் அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது. 1902இல் சாண்டி ஹேர்ட் அந்தப் பந்தோடு பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்ற பிறகு பிசின் பந்தைத் தேட ஆளில்லை.

உடனே ஆளாளுக்கு இறப்பர் நூல் சுற்றினார்கள். ஹாஸ்கல் கம்பனி இங்கிலாந்தில் வழக்குப் போட்டது, 1906இல் தோற்றது. இறப்பர் நூல் சுற்றிய பந்துகளைச் சிலர் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து விளையாடியிருக்கிறார்கள் என்று சாட்சிகள் வந்து சொன்னார்கள். மேன்முறையீடும் பலிக்கவில்லை. ஒரே பந்து, அமெரிக்காவில் கண்டுபிடிப்பு. கடல் தாண்டினால் பழைய சங்கதி.

ஹாஸ்கல் நூல் சுற்றிய நாளில் உலகத்து இறப்பரில் பெரும்பங்கு பிரேசில் காடுகளில் இருந்தே வந்தது. இலங்கை, மலாயாத் தோட்ட இறப்பர் சந்தையை நிறைத்தது அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில். அதில் இலங்கை இறப்பருக்கு மூலம் கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைத் தாவரவியல் பூங்கா. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, ஏறத்தாழ 1,900 நாற்றுகளாக இலங்கைக்கு வந்தன. பிரேசில்காரர் பலர் இன்றும் அதைத் திருட்டு என்றே சொல்கிறார்கள். கொப்பியைப் பற்றிப் பேசும்போது இதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

மட்டைகளின் கதை இன்னும் வேடிக்கை. கார்ஸ்டன் சொல்ஹைம் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியில் பொறியியலாளர். குழிக்கு அருகே பந்தை மெல்லத் தட்டி உருட்டும் புட்டர் மட்டை அவர் கையில் சரியாக நிற்கவில்லை. மட்டைத் தலையின் எடையை நடுவில் இருந்து எடுத்து இரண்டு ஓரங்களுக்கும் பகிர்ந்தார். பந்து நடுவில் படாமல் கொஞ்சம் விலகிப் பட்டாலும் தலை திருகாது. அவருடைய முதல் புட்டர் பந்தில் படும்போது எழுந்த ஓசைதான் கம்பனியின் பெயராயிற்று: பிங். 1966இல் வந்த அவரது அன்சர் புட்டருக்கு 1967இல் ஆக்கவுரிமை கிடைத்தது. அன்றைய சட்டப்படி அதன் ஆயுள் 17 ஆண்டுகள். அது முடிந்ததும் அந்த வடிவம் பொதுச்சொத்து. இன்று அன்சரின் சாயலில் புட்டர் செய்யாத பெரிய கம்பனியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். டைகர் வூட்ஸ் வென்ற 15 பெரும் பட்டங்களில் 14 அவருடைய நியூபோர்ட் 2 புட்டரோடு வந்தவை. அது ஸ்கொட்டி கமரன் டைட்லிஸ்ட் கம்பனிக்காகச் செய்தது. உருவத்தில் அன்சரின் பிள்ளை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அவரவர் பெயரைப் பொறித்தே விற்றார்கள்.

1979இல் கரி அடம்ஸ் வீட்டை அடகு வைத்துத் தொடங்கிய டெய்லர்மேட் கம்பனி, மரத்தலை மட்டைக்குப் பதில் உருக்குத் தலையைக் கொண்டுவந்து புரட்சி செய்தது என்பார்கள். அலுமினியத் தலை மட்டைகளை 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே வார்த்து விற்றவர் இங்கிலாந்தின் வில்லியம் மில்ஸ். முதலாம் உலகப் போரின் மில்ஸ் கைக்குண்டும் அவருடையதுதான். அவர் காலத்தில் மரத்தை அசைக்க முடியவில்லை, அடம்ஸ் அசைத்தார். இந்த எழுத்தாளரின் கணக்கில் அதற்கும் பெயர் புதுமைதான்.

இன்று கடையில் அடுக்கியிருக்கும் மட்டைகள் ஏன் ஒன்றையொன்று உரித்து வைத்ததுபோல இருக்கின்றன? கொப்பி ஒரு காரணம் மட்டுமே. விதிமுறை எல்லோரையும் ஒரே சுவரில் முட்டவைத்திருக்கிறது. பந்து 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, 45.93 கிராமுக்குக் கூடக் கூடாது. பெரிய மட்டையின் தலை 460 கனசென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. மிஞ்சிய இடத்தில் வர்ணமும் விளம்பரமும்தான் தாராளமாக ஓடுகின்றன.

அந்தச் சின்ன இடத்துக்குத்தான் சண்டையும். டைட்லிஸ்டின் உரிமையாளரான அகுஷ்நெட் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த புரோ வி1 பந்து, நூல் சுற்றிய பந்தைப் போட்டிகளில் இருந்து விரட்டியது. 2006இல் கலவே கம்பனி அதன் மீது வழக்குப் போட்டது. வழக்கில் காட்டிய ஆக்கவுரிமைகள் கலவே தானே கண்டுபிடித்தவை அல்ல. 2003இல் டொப்-ஃபிளைட் கம்பனியை வாங்கியபோது கூடவே வந்தவை. முதலில் கலவே வென்றது. மேன்முறையீட்டுக்குப் பின் 2010இல் இன்னொரு ஜூரி அந்த உரிமைகளே செல்லாது என்றது. 2012இல் சமாதானமானார்கள். பெயரைத் திருடும் சுத்தப் போலிகள் வேறு ரகம். அவற்றை விரட்ட 2004இல் பெரிய கம்பனிகள் கூட்டாக ஒரு குழுவே அமைத்தன.

இரண்டிலும் சேராத மூன்றாவது ரகமும் உண்டு. மைதானத்துக் குளங்களில் விழுந்த பந்துகளைப் பொறுக்கி, பழைய பூச்சைச் சுரண்டி, புதிதாகப் பெயின்ட் அடித்து, டைட்லிஸ்ட் பெயரையும் திரும்ப அச்சிட்டு விற்ற நைட்ரோ என்ற அமெரிக்கக் கம்பனியை அகுஷ்நெட் நீதிமன்றத்துக்கு இழுத்தது. பாவித்துப் புதுப்பித்தது என்று பந்தில் எழுதியிருக்கிறது, ஆகவே விற்பனையை இப்போதைக்குத் தடுக்க மாட்டோம் என்று 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பந்து டைட்லிஸ்டினுடையது, பெயின்ட் நைட்ரோவினுடையது. பாமன்கடைக் கடைக்காரர் அதை எந்தப் பக்கம் தொங்கவிடுவாரோ தெரியாது.