கொதிநீரில் ஹைட்ரஜனே சாப்பாடு

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பல வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிக் கூமுட்டை நாற்றம் வீசும். ஹைட்ரஜன் சல்பைடின் வேலை அது. அங்குள்ள பாக்டீரியாக்கள் கந்தகச் சேர்மங்களை நம்பியே வாழ்கின்றன என்றுதான் வெகுகாலம் கருதினார்கள். கொஞ்சம் மூக்கை நம்பிய முடிவு!

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்பியர், நார்மன் பேஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை மாற்றியது. 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான ஊற்றுகளில் எடுத்த மாதிரிகளின் மரபணுக்களைப் பார்த்தால், பெரும்பாலானவை ஹைட்ரஜனிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியாக்களின் உறவினங்கள். நீரிலும் ஹைட்ரஜன் கரைந்திருந்தது. அதற்குத்தான் வாசனையே கிடையாதே!

அத்தனை சூட்டில் ஒளிச்சேர்க்கைக்கு வழியில்லை. சுமார் 73 டிகிரியோடு அது நின்றுவிடும். வெயில் கொட்டிக் கிடந்தாலும் பயனில்லை. ஹைட்ரஜனோ பூமிக்குள்ளிருந்து வருகிறது. இரும்புச்சத்துள்ள பாறையைச் சுடுநீர் தொடும்போது, இரும்பு நீரிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ள, ஹைட்ரஜன் மிஞ்சுகிறது.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த இடத்தில் ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். பாக்டீரியா அதே வினையைத் தவணை முறையில் நடத்துகிறது. நிக்கலும் இரும்பும் கொண்ட ஹைட்ரஜனேஸ் என்ற நொதி ஹைட்ரஜனைப் புரோட்டான்களாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிக்கிறது. எலக்ட்ரான்கள் செல் சவ்வின் புரதங்கள் வழியே கைமாறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்தப் போக்கில் புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே பாயும்போது, அணை நீர் டர்பைனைச் சுழற்றுவதுபோல ஒரு புரதத்தைச் சுழற்றி ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறை உண்டாக்குகின்றன. கடைசியில் கிடைக்கும் கழிவு வெறும் தண்ணீர்.

இந்தக் கூட்டத்தில் பெயர்பெற்றது அக்விஃபெக்ஸ். ஐஸ்லாந்துக்கு வடக்கே கடலடியில் கிடைத்த இனத்தை ஜெர்மனியின் ராபர்ட் ஹூபர், கார்ல் ஸ்டெட்டர் குழுவினர் 1992இல் விவரித்தார்கள். 85 டிகிரியில் செழிக்கும். 95 வரை தாங்கும். ஆக்சிஜன் வேண்டும், ஆனால் கொஞ்சமாக. அதன் நெருங்கிய உறவான அக்விஃபெக்ஸ் ஏயோலிகஸின் முழு மரபணுத் தொகுதி 1998இல் வெளிவந்தது. மொத்தம் சுமார் 15.5 லட்சம் டிஎன்ஏ கார இணைகள்தான்; நம் குடலில் வாழும் ஈ.கோலையுடையதில் மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டே கரியமில வாயுவிலிருந்து தன் உடம்பு முழுவதையும் கட்டிக்கொள்கிறது. எனக்கு அதன் வெப்பத் தாங்குதிறனைவிட இந்தச் சிக்கனம்தான் பெரிய வியப்பு.

யெல்லோஸ்டோனின் ஆக்டோபஸ் ஊற்றில் இளஞ்சிவப்பு இழைகளாக அசையும் உயிர்களை 1960களிலேயே தாமஸ் பிராக் ஆராய்ந்தார். அவற்றிலிருந்து தெர்மோகிரினிஸ் ரூபர் என்ற பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்து 1998இல்தான் விவரிக்க முடிந்தது. இதுவும் ஹைட்ரஜனை உண்ணும், கந்தகத்தையும் விட்டுவைக்காது. தேங்கிய கரைசலில் தனித்தனிக் குச்சிகளாக வளர்ந்த அது, கரைசலை ஓடவிட்டதும்தான் நீண்ட இழைகளாக வளர்ந்தது.