தடிப்பு மறைந்த பிறகு

தை அறுவடை நேரத்தில் பிள்ளையின் காலெல்லாம் செந்தடிப்பு என்றால், வயல்காட்டுப் பூச்சிக்கடி என்றுதான் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் நினைப்பார்கள். கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். சிவப்பு வெளுக்கவில்லை என்றால் தோலுக்கடியில் ரத்தம் கசிந்திருக்கிறது. டெங்குவிலும் இப்படி வரும். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். முழங்கால் வீக்கமும் வயிற்றுவலியும் சேர்ந்திருந்தால் ஐஜிஏ வாஸ்குலைடிஸாக இருக்கலாம். சளி, தொண்டைவலி வந்துபோன பிறகு, ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் நுண்ணிய ரத்தக் குழாய்களில் படிந்து அவற்றை அழற்சியாக்குகிறது.

தடிப்பு சில வாரங்களில் தானே மறைந்துவிடும். என் கவலையெல்லாம் அதற்குப் பிறகுதான். ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்படுகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. அதனால், மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை நடவு முடியும் வரை, ஆறு மாதம், சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்காகக் கூலியை விட்டுத் தஞ்சாவூருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. சோதனைக் குழாயில் முக்கால் பங்கு காலைச் சிறுநீர் எடுத்து, மேல்பகுதியை மட்டும் சூடாக்க வேண்டும். வெள்ளையாகக் கலங்கினால் சில சொட்டு நீர்த்த அசிட்டிக் அமிலம். உப்பால் வந்த கலங்கல் தெளிந்துவிடும். புரதத்தால் வந்தது அப்படியே நிற்கும்; சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது என்று பொருள்.

முதலிலேயே ஸ்டீராய்டு கொடுத்துச் சிறுநீரகத்தைக் காக்கலாமே என்று பல காலம் நம்பினார்கள். 2013-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு 352 குழந்தைகளைச் சேர்த்தது. ஒரு சாராருக்கு 2 வாரம் பிரெட்னிசோலோன், மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரை. ஓராண்டு கழித்துச் சிறுநீர்ப் புரதத்தில் வித்தியாசமே இல்லை.

புரதம் ஏராளமாகக் கசிந்தாலோ, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறினாலோ கதை வேறு. ஊசியால் சிறுநீரகத் துணுக்கு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். வடிகட்டும் முடிச்சுகளில் பிறை வடிவச் செல்திரள் நிறைந்திருந்தால் தாமதிக்கக் கூடாது. மெத்தில்பிரெட்னிசோலோனை வழக்கமாக மூன்று நாள் டிரிப்ஸில் ஏற்றி, பிறகு ஸ்டீராய்டு மாத்திரை தருகிறார்கள். கடுமையான பாதிப்புக்கு சைக்ளோபாஸ்பமைடும் சேரும். அது வெள்ளணுக்களைக் குறைக்கும், சிறுநீர்ப்பையை அரிக்கும்; ரத்தப் பரிசோதனையும் நிறையத் தண்ணீரும் கட்டாயம். அடுத்த கட்டத்தில் மைக்கோபீனோலேட் அல்லது அசதியோபிரின். கசிவைக் குறைக்க எனலாப்ரில்.

இத்தனைக்கும் நடுவே இரண்டு தவறுகள் நடந்துவிடுகின்றன. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுப்பது ஒன்று. அது சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். முகம் உப்பிவிட்டதென்று ஸ்டீராய்டைத் தாமாகவே நிறுத்துவது மற்றொன்று. மாத்திரை கொடுத்த நாட்களில் அட்ரீனல் சுரப்பி வேலையை விட்டிருக்கும். அளவைப் படிப்படியாகக் குறைத்தால்தான் அது மீண்டும் சுரக்கத் தொடங்கும்.