வரும் பருவத்துக் கூடைப்பந்து: கோப்பை யாருக்கு?

கலாசாலைகள் திறந்து புது மாணாக்கர் வந்து சேர்ந்ததும், கூடைப்பந்து மைதானத்தின் ஓரத்தில் ஒரு கேள்வி தவறாமல் பிறக்கும். "இவ்வருஷம் கோப்பை யாருக்கு?" என்பதே அது. கேட்பவர் ஒருவர், ஆரூடம் சொல்பவர் பதின்மர். சென்னைக் கோஷ்டியில் நெட்டைப் பிள்ளைகள் சேர்ந்திருப்பதாக ஒருவர் சொல்வார். மலையாள நாட்டுப் பெண்களின் வேகத்துக்கு ஈடேது என்பார் மற்றொருவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் அசைப்பார். பந்தயம் முடிந்தபின், "நான் அப்போதே நினைத்தேன்" என்று சொல்லப்போகிறவர் அவர்தாம்.

இவர்களில் யாரை நம்புவது? இதற்கு எங்கள் திருவெண்ணெய்நல்லூரே ஒரு வழி காட்டியிருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனாரைத் தம் அடிமையென்று உரிமை கொண்டாடி வந்த முதியவரின் வழக்கு இவ்வூர்ச் சபையில்தான் தீர்ந்ததென்று பெரியபுராணம் கூறுகிறது. முதியவர் உரக்கப் பேசினார் என்பதற்காகச் சபையார் தீர்ப்பளித்துவிடவில்லை. கிழிக்கப்பட்டது படி ஓலையே என்று சொல்லி, அவர் மூல ஓலையை எடுத்து நீட்டினார். சபையார் கையெழுத்தை ஒப்பு நோக்கினர். அதன் பின்னரே தீர்ப்புப் பிறந்தது. கூடைப்பந்து ஆரூடத்துக்கும் இந்த நியாயமே பொருந்தும். ஆரூடம் சொல்பவரிடம் "ஓலை எங்கே?" என்று கேட்க வேண்டும். இங்கே ஓலையாவது சென்ற பருவத்தின் ஆட்டக் கணக்கு.

இவ்வாட்டம் 1891-ஆம் வருஷத்தில் பிறந்தது. அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரத்துத் தேகப்பயிற்சி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பழக்கூடைகள் இரண்டை 10 அடி உயரத்தில் மாட்டி இதை ஏற்படுத்தினார். சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையில் பயின்ற ஆசிரியர்கள், நம் பள்ளிகளில் இது பரவத் துணை செய்தனர். அந்நிய நாட்டில் பிறந்தது என்பதற்காகத் தள்ளத்தக்க ஆட்டமன்று. இரண்டு கம்பமும் ஒரு பந்தும் இருந்தால் பத்துப் பிள்ளைகள் ஓடியாடலாம். ஆயினும் பாரத தேசத்தின் ஆண்கள் கோஷ்டி ஒலிம்பிக் பந்தயத்தில் ஆடியது 1980-இல் மாஸ்கோவில் ஒரே முறைதான். ஆடிய 7 பந்தயங்களிலும் தோல்வியே கிட்டியது. இந்நிலை மாற வேண்டுமானால் அதற்கு விளைநிலம் கலாசாலைகளே.

கலாசாலைப் பருவம் படிப்படியாக நடைபெறுவது. முதலில் ஒரு சர்வகலாசாலையைச் சேர்ந்த கலாசாலைகள் தமக்குள் மோதும். அங்கே சிறந்து விளங்குவோரைத் திரட்டிச் சர்வகலாசாலைக் கோஷ்டி அமைப்பார்கள். 17 வயதுக்கும் 25 வயதுக்கும் உட்பட்டவர்களுக்கே அதில் இடமுண்டு. தேசம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடங்களைப் பெறுவோர் அகில இந்தியப் பந்தயத்துக்குச் செல்வர்.

இனி, கணிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது யாது? சென்ற வருஷம் ஆடியவர்களில் எத்தனை பேர் மீண்டும் வருகிறார்கள் என்பதே. அமெரிக்கக் கலாசாலைப் பந்தயத்தில் 2018-ஆம் வருஷம் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. முதல் தரத்தில் வைக்கப்பட்டிருந்த வர்ஜீனியா கோஷ்டியை, 16-ஆம் தரத்திலிருந்த பால்டிமோர்க் கோஷ்டி 74-54 என்ற கணக்கில் தோற்கடித்தது. ஆண்கள் பந்தயத்தில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. உலகம் நகைத்தது. ஆனால் வர்ஜீனியாவின் முக்கிய ஆட்டக்காரர் பலர் அங்கேயே இருந்து பயின்றனர். 2019-இல் கோப்பை அவர்களுடையதாயிற்று. ஒரு நாள் தோல்வியைப் பார்த்து ஆரூடம் சொன்னவர்கள் ஏமாந்தனர். திரும்பி வந்தோர் தொகையைப் பார்த்தவர்கள் ஏமாறவில்லை.

இரண்டாவதாக, ஆட்டத்தை நான்காகப் பகுத்துப் பார்க்க வேண்டும். டீன் ஆலிவர் என்ற கணிதப் பிரியர் 2004-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். குறி தவறாமல் எறிதல், பந்தைப் பறிகொடாமை, வளையத்தில் பட்டு மீளும் பந்தைக் கைப்பற்றுதல், 'பிரீ த்ரோ' என்னும் தனி எறி ஆகியவையே அந்நான்கு. வெற்றியில் இவற்றின் பங்கு முறையே ஏறக்குறைய 40, 25, 20, 15 விழுக்காடு என்பது அவர் கணக்கு. உயரம் மட்டுமே வெற்றி தரும் என்பார்க்கு இது நல்ல மறுமொழி.

இவற்றை மனத்திற்கொண்டு என் கணிப்பைக் கூறுகிறேன். ஆண்கள் பிரிவில், தென் மண்டலத்தின் முதல் நான்கு இடங்களில் சென்னைச் சர்வகலாசாலையையும் எஸ்.ஆர்.எம். கோஷ்டியையும் எதிர்பார்க்கலாம். முன்னதற்குத் தலைநகரின் பல கலாசாலைகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கியெடுக்கும் வசதி உண்டு. பின்னதற்கு ஓரிடத்தில் தங்கிப் பயிலும் வசதி உண்டு. பெண்கள் பிரிவில் சென்னையாருக்குக் கேரளத்துக் கோஷ்டிகள் கடும் போட்டியாக நிற்கும். அங்கே பெண்கள் பள்ளிப் பருவத்திலேயே விடுதியில் தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள்.

நம் பக்கத்து நிலைமை என்ன? விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கலாசாலைகள் 2021-இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் கீழ் வந்தன. ஆகவே நம் பிள்ளைகள் சிதம்பரத்துக் கோஷ்டியில் இடம் பிடிக்க வேண்டும். அக்கோஷ்டி ஒன்றிரண்டு சுற்றுக்களைத் தாண்டுமென்றும், வலுவான எதிரிகளிடம் பிற்பாதி ஆட்டத்தில் தளருமென்றும் நினைக்கிறேன். திறமைக் குறைவு அன்று காரணம், வானமே காரணம். கிராமத்துப் பிள்ளைகள் பழகுவது திறந்தவெளிச் சிமெண்டுத் தரையில். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது வழுக்கும். 2024-ஆம் வருஷம் நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணையின் வெள்ளம் அரசூரருகே நெடுஞ்சாலையையே மூடியது. அத்தகைய நாட்களில் பந்தைப் பற்றி யார் நினைப்பார்? ஆனால் அதே நாட்களில் கூரையுள்ள அரங்கங்களில் பயிற்சி நிற்பதில்லை.

கூரை போடப் பணம் வேண்டும். அது ஒரு நாளில் வராது. பணமின்றிச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தனி எறிக்கு உயரம் வேண்டியதில்லை. எதிரே தடுப்பாரும் இல்லை. 15 அடி தொலைவில் நின்று நிதானமாக எறிவதுதான். ஒரு பந்தயத்தில் 10 தனி எறிகள் கிடைத்தால், பாதி குறி தவறுபவர்கள் 5 புள்ளி பெறுவர். பத்துக்கு எட்டு போடுபவர்கள் 8 பெறுவர். மூன்று புள்ளியில் முடிந்த பந்தயங்கள் எத்தனை! நாள் ஒன்றுக்கு 100 எறி எறிந்து, எத்தனை விழுந்தன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எழுதி வரட்டும். 100 நாளில் 10,000 எறிகள் ஆகும். அந்த நோட்டுப் புத்தகமே அடுத்த வருஷத்து ஆரூடக்காரருக்கு மூல ஓலை.

"பந்து சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பது சகஜம், நியாயமான கேள்வியுங்கூட. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. இரயில்வேயும் ஆட்டக்காரர்களுக்கு வேலை அளிக்கிறது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தெற்கு இரயில்வேயில் பணி பெற்றவர். இந்தியப் பெண்கள் கோஷ்டிக்குத் தலைமை தாங்கியவர். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். எல்லாரும் அந்நிலையை எய்த முடியாதென்பது உண்மை. ஆனால் சர்வகலாசாலைக் கோஷ்டியின் 12 பேரில் ஒருவராகிவிட்டால் கையில் ஒரு நற்சான்று கிடைக்கும். நிலபுலம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது சிறிய சொத்தன்று. மண்டலப் பந்தயத்தில் யார் ஜயித்தாலென்ன என்று நாம் அலட்சியமாயிருக்கலாகாது என்பது இதனாலேதான்.

சென்னையையும் கேரளத்தையும் பற்றி நான் சொன்னது பலித்தால் அதில் பெருமை ஒன்றுமில்லை. பலரும் அறிந்ததே அது. சிதம்பரத்துக் கோஷ்டியைப் பற்றிச் சொன்னதை மட்டும் நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பொய்யாக்குவார்களாக. மழை தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. நோட்டுப் புத்தகத்தை இன்றைக்கே வாங்கிக் கொடுங்கள்.